எட்டு ‘அதான்’

லிஃப்ட்காரருக்குப் பக்கவாதம் வந்தபோது வலது கையும் வலது காலும் போயின. கூடவே, அறுபத்து மூன்று வருடமாகச் சேர்த்துவைத்திருந்த சொற்களும் போயின. ஒன்றே ஒன்று மட்டும் மிஞ்சியது. ‘அதான்.’ விட்டுவைப்பதுதான் வைக்கிறது, ‘தண்ணீர்’ என்றோ ‘வலிக்கிறது’ என்றோ உபயோகமாக ஒன்றை விட்டுவைத்திருக்கலாம். வியாதிக்கு அந்த விவஸ்தை இல்லை. பசித்தால் அதான். கொசு கடித்தால் அதான். பார்க்க வந்தவர்கள் கிளம்பினால் அதான். கிளம்பாவிட்டாலும் அதான், கொஞ்சம் அழுத்தமாக.

முப்பது வருடம் உயரக் கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்த்தவர் என்பதால் தெருவில் அவருக்கு அந்தப் பெயர். மனைவி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருபத்தெட்டு வருடம் காதுக்கருவி மாட்டி இணைப்புக் கொடுத்தவள், அதனால் எக்ஸ்சேஞ்சம்மா. ‘ஹலோ’ என்ற ஒரு சொல்லை வைத்தே, எதிர்முனையில் இருப்பது மேலதிகாரியா மாமனாரா என்று சொல்லிவிடுகிற காது. அந்தக் காதை இப்போது ஒரே ஆளுக்கு ஒதுக்கிவிட்டாள். முதல் மாதம் முடிவதற்குள், அவர் சொல்லும் ‘அதான்’ எட்டு விதம் என்று கண்டுபிடித்தாள். கஞ்சி சுடுகிறது என்பது ஒன்று. தலையணையைத் திருப்பிப் போடு என்பது ஒன்று. உன் தம்பி வந்திருக்கிறான் என்பது ஒன்று; அதில் மூச்சு அதிகம் இருக்கும். ஏழாவது, அடித்தொண்டையிலிருந்து வேகவேகமாக மூன்று தடவை வரும். அதற்கு ‘இல்லை’ என்று பொருள். எட்டாவது, அவள் விளக்கை அணைத்ததும் வரும். அதற்கு என்ன பொருள் என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “மூணு மாசம்மா. பேச்சுல வர்றதெல்லாம் பெரும்பாலும் அதுக்குள்ள வந்துரும். விடாம பயிற்சிக்குக் கூட்டிட்டுப் போங்க.” வராதது என்ன ஆகும் என்று அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

பயிற்சி நிலையம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்தது. பேச்சுப் பயிற்சி தருகிற அம்மாள் ஒரே ஆள். சொற்களைத் தொலைத்தவர்கள் முப்பத்தெட்டுப் பேர் அவளுக்கு. வீடு வீடாக வரச் சொன்னால் எப்படி வருவாள்? நாம்தான் போகவேண்டும். வாடகைக் காரில் ஏற்றிப் பார்த்தார்கள். இந்தக் காலத்துக் கார்கள் குனிந்து மடங்கி உள்ளே நுழைகிறவர்களுக்காகச் செய்யப்பட்டவை. அவருடைய வலது கால் மடங்க மறுத்துக் கதவில் மாட்டிக்கொண்டது. இரண்டாம் தடவை வாசல் கேட்டின் கம்பியை இடது கையால் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றுவிட்டார். இடது கைக்கு ரெண்டு கையின் பலமும் வந்து சேர்ந்திருந்தது. மூன்று பேர் சேர்ந்து இழுத்தும் கேட்டுதான் ஆடியது.

அவருடைய சொந்தக் காரில் அந்தத் தொல்லை இல்லை. அவரைவிட ஒரு வயது மூத்த கறுப்புக் கார். முன்கதவுக்குக் கீல் பின்பக்கம். அலமாரி மாதிரி அகலமாகத் திறக்கும். உள்ளே சோபா மாதிரி நீண்ட சீட்டு. சக்கர நாற்காலியைப் பக்கத்தில் ஒட்டி வைத்தால் அவரே இடது கையை ஊன்றி நகர்ந்து உட்கார்ந்துகொள்வார். உட்கார்ந்ததும் டயல்களை வரிசையாகப் பார்த்துவிட்டு ஒரு அதான் சொல்வார். அது ‘போகலாம்’ என்பது.

ஆனால் அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த மாதம் முழுக்கக் காரும் கொட்டகையில் கிடந்து, பேட்டரி செத்திருந்தது. அவருடைய மைத்துனன், அதாவது எக்ஸ்சேஞ்சம்மாவின் தம்பி, புது பேட்டரி வாங்கி வந்தான். இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை. விபத்து நடந்த வண்டிகளைப் பார்த்துப் பார்த்து வண்டிகளைப் பற்றி எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டவன். பேட்டரியை மாட்ட, கடைத்தெரு மெக்கானிக்கைக் கூட்டி வந்தான். அவருக்குப் பெயர் ஊதல். எந்தக் கோளாறானாலும் ஒரு குழாயைக் கழற்றி வாயில் வைத்து ஊதுவது அவருடைய வைத்தியம். பாதி வண்டிகள் அதிலேயே சரியாகிவிடும் என்பதுதான் விஷயம். மீதிப் பாதியை அவர் மறுபடியும் ஊதுவார்.

செய்தி எப்படிப் போயிற்றோ, பழங்கால வாகனப் பாதுகாப்புச் சங்கத்தின் தலைவரும் வந்துவிட்டார். சங்கத்தில் ஏழு பேர், கார் மூன்று, அதில் ஓடுவது ஒன்று. அந்த ஒன்றும் சங்கத்தில் சேராத லிஃப்ட்காரருடையது. தலைவர் அச்சடித்த புத்தகம் மாதிரிதான் பேசுவார். வெள்ளைக் கையுறை வேறு.

“இவ்வாகனத்தின் அகவை யாது என்று அறிவீர்களா?”

“தெரியலைங்க சார். மச்சானுக்குத்தான் தெரியும்” என்றான் தம்பி.

“அவர் இனி சொல்லப்போவதில்லை. ஆகவே பொறுப்பு நம்முடையது.”

என்ஜின் மூடியைத் தூக்கிவைத்து எல்லோரும் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். பழைய பேட்டரியிலிருந்து கழற்றிய இரண்டு இணைப்புகள் கிடந்தன. ஒன்று கறுப்பு உறை போட்ட ஒயர். இன்னொன்று காரின் இரும்பு உடம்போடு திருகி முடுக்கிய பட்டை. அந்தப் பட்டையின் நுனியில் சிவப்பாக ஏதோ பூசியிருந்தது. தலைவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

“இதென்ன கூத்து? சிவப்பு என்றால் பிளஸ். பிளஸ்ஸைக் கொண்டுபோய் யாராவது வண்டியின் உடம்பில் கட்டுவார்களா? உலகம் முழுவதும் மைனஸ்தான் உடம்பில்.”

“லிஃப்ட் ஆளுங்களுக்கு மேலயும் கீழயும்தான் சார் தெரியும்” என்றார் ஊதல். “பிளஸ் மைனஸெல்லாம் அவங்க எங்க பாக்கப் போறாங்க.”

“அறியாமையைத் தொடர விடலாகாது” என்று சொல்லி, தலைவர் பேனாக்கத்தியை எடுத்தார். சிவப்பைச் சுரண்டினார். ரசித்துச் சுரண்டினார்.

அப்போது வீட்டு ஜன்னலிலிருந்து குரல் வந்தது. உள்ளே நாற்காலியில் இருந்த லிஃப்ட்காரர் இடது கையால் கம்பியை அடித்தார். “அதான், அதான், அதான்.”

தலைவர் நிமிர்ந்து பார்த்துப் புன்னகைத்தார். “கேட்டீர்களா? அவரே ஆமோதிக்கிறார்.”

அடுப்படியில் தேநீர் வடிகட்டிக்கொண்டிருந்த எக்ஸ்சேஞ்சம்மாவின் காதில் அது விழுந்தது. அது ஏழாவது. வடிகட்டியைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்கு வந்தாள்.

“தம்பி, அவரு வேணாங்கறாருடா.”

“எதைக்கா வேணாங்கறாரு?”

“என்னமோ செய்றீங்களே, அதை.”

“அக்கா, பெரியவங்க பேசிட்டிருக்காங்க. டீயக் குடு.”

அவள் தேநீரைக் கொண்டுவந்து கொடுத்தாள். இருபத்தெட்டு வருடத்தில் அவளுக்கு எக்ஸ்சேஞ்சு கற்றுக்கொடுத்த பெரிய பாடம் அதுதான்: இணைப்பைக் கொடு, குறுக்கே பேசாதே. ராங் நம்பரில் ஒருவன் அரைமணி நேரம் உருகிக்கொண்டிருந்தாலும் ஆபரேட்டர் வாய் திறக்கக் கூடாது. அந்தப் பழக்கத்துக்கு ஓய்வு வயது கிடையாது.

தலைவர் சொன்னபடி உலக வழக்கப்படி இணைத்தார்கள். சாவியைத் திருப்பியதும் கார் கிளம்பியது. பேட்டரியில் சார்ஜ் ஏறுகிறதா இறங்குகிறதா என்று காட்டும் ஆம்பியர் மீட்டரின் முள் ஒரு கோடிக்குப் பாய்ந்து அடித்துக்கொண்டது. எங்கோ சீப்பு கருகிய மாதிரி ஒரு வாசனை.

“என்ன சார் நாத்தம்?” என்றான் தம்பி.

“பழைய வாகனங்களுக்கே உரிய நறுமணம்” என்றார் தலைவர்.

முள் மெதுவாகத் திரும்பி வந்து, பிளஸ் பக்கத்தில் கொஞ்சம் தள்ளி நின்றது. ஊதல் கண்ணாடியைத் தட்டிக் காட்டினார். “பாருங்க சார், சார்ஜ் ஏறுது. அம்சமா ஏறுது.” எல்லோரும் கைதட்டினார்கள். ஜன்னலில் இருந்தவர் கம்பியை அடிப்பதை நிறுத்தி, அதைப் பிடித்துக்கொண்டு இருந்தார்.

முதல் இரண்டு பயிற்சிக்கும் கார் ஒழுங்காகப் போய்வந்தது. தம்பி ஓட்டினான், லிஃப்ட்காரர் முன்னால், எக்ஸ்சேஞ்சம்மா பின் சீட்டில். அவள் உட்காரும் சீட்டுக்கு அடியில்தான் பெட்ரோல் பம்ப் இருந்தது. என்ஜினோடு வந்த பம்ப் உடைந்தபோது, கரண்டில் ஓடும் ஒன்றை வாங்கி அவரே மாட்டியது. டக், டக், டக் என்று அடித்துக்கொண்டே வரும். முன்னால் உட்காருகிறவர்களுக்குக் கேட்காது.

பயிற்சி அம்மாள் மேசைமேல் படங்களை ஒவ்வொன்றாக வைப்பாள். கடிகாரம், மீன், பூட்டு, நாற்காலி. எல்லாம் அதான். இரண்டாம் நாள், பூட்டுப் படத்தை வைத்தபோது அவருடைய உதடுகள் குவிந்தன. குவிந்து, ஊதுவது போலக் காற்று வந்தது. சத்தம் இல்லை. ஆனால் அது அதான் இல்லை.

பயிற்சி அம்மாள் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தாள். “வருதும்மா. ‘பூ’ வருது. விடாதீங்க. இப்படியே நாலஞ்சு தடவை வந்தா சொல் முழுசா வந்துரும்.”

அன்றைக்கு எக்ஸ்சேஞ்சம்மா வீட்டிலிருந்த பூட்டையெல்லாம் எடுத்து அவர் கண்ணில் படுகிற இடத்தில் மாட்டினாள். பூட்டே தேவைப்படாத அரிசி டப்பாவில்கூட ஒன்று தொங்கியது.

மூன்றாம் பயணத்தில், போகும்போதே, பாலத்தின் நடுவில் கார் இருமியது. தாகத்தில் தவிக்கிற மாடு மாதிரி முன்னும் பின்னும் தலையசைத்துவிட்டு நின்றது. உச்சி வெயில். கீழே ஆற்றில் தண்ணீர் பேருக்கு ஓடியது. பின்னால் வந்த லாரிகள் ஹாரன் அடித்தன. ஒரு லாரிக்காரர் மட்டும் ஜன்னலில் தலையை நீட்டி, “மியூசியத்துக்கு இந்தப் பக்கம் இல்லப்பா” என்று வழி சொல்லிவிட்டுப் போனார்.

லிஃப்ட்காரர் ஆம்பியர் மீட்டரின் கண்ணாடியை இடது விரலால் தட்டினார். “அதான்.”

“ஆமா மச்சான், அது நல்லாத்தான் இருக்கு. பிளஸ்லதான் நிக்குது” என்றான் தம்பி. “இது பெட்ரோல் கோளாறு.”

கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். ஊதல் வந்து கேட்டார், பார்த்தார், தலையாட்டினார். “இருமிட்டு நின்னுச்சா? அப்ப பெட்ரோல் வரலை. குழாய்ல அடைப்பு.” குழாயைக் கழற்றி ஊதினார். மறுமுனையில் துரும்பு மாதிரி ஏதோ விழுந்தது. அதை உள்ளங்கையில் வைத்து எல்லோருக்கும் காட்டினார். வேலை நடக்கிறபோது, “எதுக்கும் இருக்கட்டும்” என்று பேட்டரியைக் கடைக்குக் கொண்டுபோய் ஒருநாள் முழுக்க சார்ஜ் போட்டு வந்தார். கார் ஓடியது. துரும்புக்கு நல்ல பெயர் கிடைத்தது.

அந்த ‘எதுக்கும் இருக்கட்டும்’தான் அந்தக் குடும்பத்தை அடுத்த ஏழு வாரம் அலைக்கழித்தது. கார் தெருவுக்குள் இரண்டு சுற்று நன்றாகச் சுற்றும். பயிற்சிக்குக் கிளம்பினால் பால்பண்ணை வரையோ, பாலம் வரையோ போய் இருமும். ஊதல் வருவார். கார்புரேட்டரைப் பிரித்து மண்ணெண்ணெயில் ஊறவைத்து, அதன் பொடிப்பொடித் துளைகளையெல்லாம் ஊதுவார். எதுக்கும் இருக்கட்டும் என்று பேட்டரி சார்ஜுக்குப் போகும். கார் ஓடும். கார்புரேட்டருக்கு நல்ல பெயர். பிறகு மறுபடி இருமும். டேங்கை இறக்கி, உள்ளே சரளைக்கல்லைப் போட்டு இரண்டு பேர் தொட்டில் மாதிரி ஆட்டி, துருவைக் கழுவிக் கொட்டினார்கள். அது காய்வதற்கு வெயில் வேண்டும். அந்த வாரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. ஆறு நாள் டேங்க் கொட்டகையில் கவிழ்ந்து கிடந்தது. லிஃப்ட்காரர் ஜன்னலில் உட்கார்ந்து மழையைப் பார்த்தார். எக்ஸ்சேஞ்சம்மா ரொட்டியைப் பாலில் ஊறவைத்து, வலது கன்னத்தில் தேங்காதபடி கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டினாள். அரிசி டப்பாவின் பூட்டைக் காட்டினாள்.

“சொல்லுங்க. பூ...”

“அதான்.”

உதடு குவியக்கூட இல்லை. அவள் பூட்டைத் துடைத்து மறுபடி மாட்டினாள்.

ஊதல் கெட்டவர் இல்லை. கோளாறு எது என்று தெரியாதபோது ஒவ்வொரு பாகத்தையும் கொண்டுவந்து ஜன்னலுக்கு வெளியே நின்று காட்டிக் கேட்கவும் செய்தார்.

“சார், இந்த வால்வா?”

“அதான்.”

“இந்த மிதவையா சார்?”

“அதான்.”

“அப்ப ரெண்டுமா?”

“அதான், அதான், அதான்.”

“அண்ணே, ஏழாவதுண்ணே அது. இல்லைங்கறாரு” என்றாள் எக்ஸ்சேஞ்சம்மா.

“இல்லம்மா, இந்த வண்டிக்கு மொத்தமே ஒரு மிதவைதான்” என்றார் ஊதல். “ஏழாவதெல்லாம் கிடையாது.” துணியில் கையைத் துடைத்துக்கொண்டு காருக்கே திரும்பிப் போனார்.

தலைவரும் வாரம் ஒருமுறை வந்தார். சங்கத்தின் செய்திமடலுக்கு, பழுதுபட்ட காரின் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார். ‘எரிபொருள் மண்டலத்தின் சிக்கல்கள்’ என்று கட்டுரை எழுதப்போவதாகச் சொன்னார். எரிபொருள் மண்டலம் என்ற பெயரைக் கேட்டபிறகு ஊதலுக்கே வேலையில் ஒரு மரியாதை வந்து, அன்றைக்கு நின்றுகொண்டே ஊதினார்.

டாக்டர் சொன்ன மூன்று மாதத்தில் எண்பதாவது நாள். பேட்டரி சார்ஜ் ஆகி வந்த மறுநாள். கிளம்பிப் பால்பண்ணை தாண்டியதும் எக்ஸ்சேஞ்சம்மாவுக்குக் கேட்டது. சீட்டுக்கு அடியில் டக் டக் டக் என்று வந்துகொண்டிருந்த சத்தம், டக்... டக்... என்று வரத் தொடங்கியது. பெட்ரோல் இல்லாத பம்ப் வேகமாக அடிக்கும். அவள் பல தடவை கேட்டிருக்கிறாள். இது சோர்ந்துபோய் அடித்தது. இந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். எக்ஸ்சேஞ்சில் கரண்டு போய், பேட்டரி அறையும் கைவிடுகிற நேரத்தில், சுவர் நெடுக இருக்கும் ரிலே சுவிட்சுகள் இப்படித்தான் இழுத்து இழுத்து அடிக்கும்.

“தம்பி, பம்புக்குக் கரண்டு பத்தலைடா.”

“கரண்டெல்லாம் ஃபுல்லா இருக்குக்கா. முள்ளு பிளஸ்ல நிக்குது பாரு.”

சொல்லி முடிப்பதற்குள் கார் இருமி நின்றது. பாலத்துக்கு இந்தப் பக்கமே.

தம்பி ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டான். அப்போது லிஃப்ட்காரர் கையை நீட்டி, விளக்கின் பொத்தானை இழுத்தார். மங்கலாக எரிந்தது. தள்ளினார், அணைந்தது. இழுத்தார். தள்ளினார். இழுத்தார். ஒவ்வொரு தடவையும் தம்பியின் முகத்தைப் பார்த்தார்.

“மச்சான், இருக்கறதையும் தீத்துடாதீங்க. சும்மா இருங்க.” தம்பி அந்தக் கையைப் பிடித்து அவர் மடியில் வைத்து அழுத்திக்கொண்டான். சின்னப் பிள்ளை விளையாடுவதைத் தடுக்கிற மாதிரி, அன்பாகத்தான். லிஃப்ட்காரர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. மிஞ்சியிருந்த ஒரு சொல்லைக்கூடச் சொல்லவில்லை.

பின்னாலிருந்து எக்ஸ்சேஞ்சம்மா பார்த்திருந்தாள். அவர் பொத்தானை இழுத்தபோதெல்லாம் முள் பிளஸ் பக்கம் ஒரு எட்டு வைத்தது. அணைத்ததும் நடுவில் வந்து நின்றது.

“தம்பி, இப்ப வண்டி ஓடுதா?”

“நக்கலாக்கா?”

“ஓடலைல்ல. நின்ன வண்டில லைட்டு எரியுது. லைட்டு எரிஞ்சா கரண்டு போகத்தானே செய்யணும்? முள்ளு ஏன் ஏறுதுங்குது?”

தம்பி முள்ளைப் பார்த்தான். அக்காவைப் பார்த்தான். பிறகு, பதில் தெரியாதபோது எல்லோரும் சொல்வதைச் சொன்னான். “பழைய வண்டி. அது அப்படித்தான் காட்டும்.”

வீட்டுக்கு இழுத்து வந்தபிறகு அவளே மூடியைத் தூக்கினாள். பட்டையின் நுனியில், கத்தி எட்டாத மடிப்பில், சிவப்பு கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. நகத்தால் தொட்டுப் பார்த்தாள். அவளுடைய நெயில் பாலிஷ்தான். போன வருடமோ அதற்கு முந்தின வருடமோ அவர் கேட்டு வாங்கிப் போனார். “உங்களுக்கெதுக்கு இந்த வயசுல?” என்று கேட்டதற்கு, “எனக்கில்ல, அவளுக்கு” என்று கொட்டகையைக் காட்டினார். பிளஸ் எதில் மாட்ட வேண்டும் என்று பின்னால் வருகிறவர்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக எழுதிவைத்த ஒரே ஒரு வரி அது. அதைத்தான் தலைவர் சுரண்டினார்.

பிளஸ்ஸை உடம்பில் கட்டுவார்களா? எக்ஸ்சேஞ்சில் கட்டியிருந்தார்கள். பேட்டரி அறையைப் பார்த்துக்கொண்ட ஆள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் சொல்லியிருக்கிறார்: ஊரெல்லாம் ஒரு பக்கம்னா டெலிபோன் ஒரு பக்கம்மா, நமக்கு பிளஸ்தான் எர்த். அவள் அப்போது தயிர்சாதமோ ரொட்டியோ எதையோ மென்றுகொண்டு, சரி என்று தலையாட்டியிருந்தாள். அப்படியானால் இத்தனை நாளும் முள் தலைகீழாகத்தான் காட்டியிருக்கிறது; பேட்டரியில் சார்ஜ் ஏறியதெல்லாம் ஊதலின் கடையில் மட்டும்தான்.

தலைவருக்குப் போன் போட்டாள்.

“அம்மா,” என்றார் அவர், நிதானமாக, “இது வாகனம். தொலைபேசி அல்ல.”

ஊதலுக்குப் போன் போட்டாள். அவர் மச்சினி கல்யாணத்துக்கு வெளியூர் போயிருந்தார். ஒன்பது நாள் கழித்துத்தான் வந்தார். அந்த ஒன்பது நாளும் வேறு யாரையாவது கூப்பிடலாம் என்று அவளுக்குத் தோன்றாமல் இல்லை. கடைத்தெருவில் இரண்டு பேரைக் கூப்பிட்டாள். ஒருவர் வந்து காரைச் சுற்றிப் பார்த்து, “இது நம்ம கிட்ட வேணாம்மா” என்றார். இன்னொருவர் அதைச் சொல்வதற்குக்கூட வரவில்லை. அவளே ஸ்பானரை எடுத்துக்கொண்டு போய் ஒரு நாள் காலை முழுக்க நின்றாள். பேட்டரியின் மறை அசையவில்லை. அவளுடைய மணிக்கட்டுதான் வீங்கியது.

ஊதல் வந்ததும் எல்லாவற்றையும் கேட்டார். காரில் ஊதாத இடம் எதுவும் பாக்கி இருக்கிறதா என்று மனத்துக்குள் ஒருமுறை தேடினார். இல்லை.

“சரிம்மா. மாத்திப் பாப்போம். எரிஞ்சா எரியட்டும்.”

“நீங்க செய்யறத அவரு பக்கத்துல இருந்து பாக்கட்டும்” என்றாள் அவள். இந்தத் தடவை யாரிடமும் கேட்கவில்லை. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு கொட்டகைக்குள் வந்து, காரின் மூக்கை ஒட்டி நிறுத்தினாள். இரண்டரை மாதத்தில் அவரை என்ஜினுக்குள் பார்க்கவைத்தது அன்றுதான் முதல் தடவை. நோயாளிக்குத் தூசி ஆகாது என்று, வேலை நடக்கும்போதெல்லாம் ஜன்னலுக்குள்ளேயே வைத்திருந்தார்கள்.

ஊதல் பேட்டரியைத் திருப்பி வைத்தார். பிளஸ்ஸைப் பட்டையில் முடுக்கினார். சாவியில் கை வைத்தபோது, “அதான், அதான், அதான்.”

“இன்னும் இருக்குங்கறாரு. நில்லுங்க.”

லிஃப்ட்காரர் இடது கையை நீட்டினார். ஊதலின் பெட்டியில் கிடந்த ஒரு துண்டு ஒயரை எடுத்தார். ஒரு முனையை ஊதலிடம் கொடுத்து, பேட்டரியின் மைனஸைக் கண்ணால் காட்டினார். மறுமுனையைத் தானே பிடித்து, டைனமோவின் சின்ன முனையில் ஒரே ஒரு நொடி தொட்டு எடுத்தார். பட்டென்று ஒரு பொறி. இன்னொரு தரம். பொறி. பிறகு ஒயரைப் போட்டுவிட்டு, என்ஜினுக்குப் பின்னால், காரின் தகட்டுச் சுவரில் இருந்த கறுப்புப் பெட்டியைக் காட்டினார். உள்ளே இரண்டு செப்புப் பொட்டுகள் கருகி இருந்தன. தலைவரின் நறுமணம் வந்த இடம். ஊதல் உப்புத்தாளால் தேய்த்துச் சுத்தம் செய்தார். அவர் வாய் திறக்கவே இல்லை, ஊதக்கூட இல்லை.

கார் கிளம்பியது. விளக்கைப் போட்டதும் முள் மைனஸ் பக்கம் போனது. ஊதல் ஆக்சிலரேட்டரை அழுத்த, முள் நடுவைத் தாண்டி பிளஸ்ஸுக்கு வந்து நின்றது.

“டைனமோவுக்குத் திசை சொல்லிக் கொடுத்திருக்காரும்மா” என்றார் ஊதல் மெதுவாக. “எங்க முதலாளி செய்வாரு. நான் பாத்திருக்கேன். மறந்தே போச்சு.” உப்புத்தாளை மடித்துக்கொண்டே, “முதல் நாளே சாரை வெளிய கொண்டாந்திருந்தா...” என்று ஆரம்பித்துவிட்டு, மீதியைச் சொல்லாமல் பெட்டியைக் கட்டினார்.

அந்த மாதச் செய்திமடலில், ‘சங்கத்தின் இடையறாத வழிகாட்டுதலால் மீண்டும் உயிர்பெற்ற அரும்பெரும் வாகனம்’ என்று படத்தோடு வந்தது. படத்தில் தலைவரும் காரும் இருந்தார்கள். காரின் ஒரு விளக்கைத் தலைவர் மறைத்துக்கொண்டு நின்றார்.

தொண்ணூற்று மூன்றாம் நாள் பயிற்சிக்குப் போனார்கள். பாலம் வந்தது, போனது. பயிற்சி அம்மாள் படங்களை வைத்தாள். கடிகாரம், அதான். மீன், அதான். பூட்டு. எக்ஸ்சேஞ்சம்மா அவருடைய உதடுகளையே பார்த்தாள். தன்னை அறியாமல் அவளுடைய உதடுகள் குவிந்திருந்தன. அவருடையவை குவியவில்லை.

“அதான்.”

பயிற்சி அம்மாள் இன்னும் இரண்டு தடவை பூட்டை எடுத்து வைத்தாள். பிறகு படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள்.

“எத்தனை வாரமா வரலை?”

“பத்து வாரம் இருக்கும். கார் ரிப்பேரு. இப்ப சரியாயிடுச்சு. இனிமே ஒருநாள்கூட விடாம கூட்டிட்டு வந்துருவேன். வாரம் மூணு தடவைன்னாலும் வந்துருவோம். வண்டி இப்ப நல்லா ஓடுது.”

பயிற்சி அம்மாள் அட்டையில் ஏதோ எழுதினாள். எழுதி முடித்தும் நிமிரவில்லை. “பரவால்லம்மா. அவ்வளவு சிரமம் வேணாம். இனிமே மாசம் ஒரு தடவை வந்தா போதும்.”

குரலில் கோபம் இல்லை, வருத்தம்கூட வெளியே தெரியவில்லை. அந்தக் குரலை எக்ஸ்சேஞ்சம்மாவுக்கு நன்றாகத் தெரியும். ‘எதிர்முனையில் யாரும் எடுக்கவில்லை’ என்று அவளே ஒரு நாளைக்கு நூறு தடவை அந்தக் குரலில் சொல்லியிருக்கிறாள். பிறகு என்ன செய்வது என்று கேட்டவர்களுக்கு அவளிடம் பதில் இருந்ததில்லை.

“சரிங்க” என்றாள்.

வெளியே கார் ஒரே தட்டில் கிளம்பியது. வாசலில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். தம்பி பெருமையாக ஒரு ஹாரன் அடித்தான். அவனிடம் அவள் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

பாலத்தில் ஏறும்போது லிஃப்ட்காரர் தலையைத் திருப்பி, பின்னால் இருந்த அவளைப் பார்த்தார்.

“அதான்” என்றார்.

கஞ்சியும் இல்லை, தலையணையும் இல்லை. ஏழாவது இல்லை. எட்டாவதும் இல்லை. இது அவள் கேட்டே இராத ஒன்பதாவது. அவள் முன்னால் குனிந்து, காதை அவருடைய வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

“என்னங்க? இன்னொரு தடவை சொல்லுங்க.”

அவர் சொல்லவில்லை. திரும்பி, முள்ளைப் பார்த்துக்கொண்டு வந்தார். அது நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. அவளுடைய சீட்டுக்கு அடியில் பம்ப், டக் டக் டக் என்று, வீடு வரைக்கும் ஒரு குறையும் இல்லாமல் அடித்துக்கொண்டே வந்தது.